மணல்மேட்டில் வெளிவந்த செங்கல் சுவர்: தோண்டுவதா, மரம் நடுவதா, மூடுவதா?

போன ஆடிக் காற்றில் எங்கள் ஊர் மணல்மேட்டின் மேற்குச் சரிவு இடுப்பளவுக்குக் கரைந்து போனது. கரைந்த இடத்தில் செங்கல் தெரிந்தது. யாரோ கட்டிப் பாதியில் விட்ட கொட்டகை என்றுதான் முதலில் நினைத்தோம். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த நீளம், விரித்த கையை விட அகலம், தடிமன் நான்கு விரல். இன்றைக்கு எந்தச் சூளையிலும் இப்படிக் கல் அறுப்பதில்லை. பன்னிரண்டு அடி போல ஒரு சுவர், அதற்கு வடக்கே பத்தடி தள்ளிச் சுட்ட மண் வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று. உறைகிணறு. பூம்புகார்ப் பக்கம் கிடைத்த உறைகிணறுகளைப் படத்தில் பார்த்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

ஊர் தரங்கம்பாடிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது ஊரில் நாலு விதமான பேச்சு இருக்கிறது. அப்படியே விடு, கடலும் மணலும் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள் பெரியவர்கள் சிலர். கீழடி மாதிரி முழுசாகத் தோண்டிக் கூரை போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும் என்கிறார்கள் பையன்கள். மேடு முழுக்கச் சவுக்கு வைத்தால் மணல் நின்றுவிடும், கன்றும் இனாமாகக் கிடைக்கும் என்பது மூன்றாவது பேச்சு. நான்காவது, சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர். ஊர்க்கூட்டத்தில் ஒரு முடிவெடுத்து மனு கொடுக்க வேண்டும். நான் ஒன்பது வருடம் வளைகுடாவில் சாலையில் ஏறும் மணலை அள்ளும் ஷாவல் ஓட்டியவன். மணல் எப்படி வரும், எங்கே நிற்கும், எங்கே நிற்கவே நிற்காது என்பதை இருக்கையில் உட்கார்ந்தே தினம் பார்த்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பிறகு பாலைவனத்துப் பழைய ஊர்களை மணல் என்ன செய்தது, அவர்கள் என்ன செய்தார்கள் என்று கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மணல் மூடினால் பழைய கட்டடம் கெட்டுப்போகும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். மூடியே கிடந்தால் பெரும்பாலும் கெடாது. மூடித் திறந்து, மறுபடி மூடித் திறந்து கிடந்தால்தான் கெடும்.

எகிப்தில் அபு சிம்பெல் கோயிலை 1813-ல் புர்க்ஹார்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் பார்த்தபோது பெரிய சிலைகளே மணலில் புதைந்து கிடந்தன. 1817 ஆகஸ்டில் பெல்சோனி என்ற இத்தாலியர் வாசலைத் தோண்டி உள்ளே போனார். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய சிற்பமும் வண்ணமும் உள்ளே நின்றன. சீனாவின் தக்லமகான் பாலைவனத்தில் நியா என்ற இடத்தில் 1901-ல் ஆரல் ஸ்டைன் என்ற தொல்லியல் ஆய்வாளர் தோண்டியபோது மரப்பலகைகளில் எழுதிய கடிதங்கள் எழுத்தோடு வந்தன. நம் பக்கம் மரத்தை வெளியில் போட்டால் நாலு மழைக்குத் தாங்காது. காய்ந்த மணல் அதை ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கும் மேல் வைத்திருந்திருக்கிறது.

அதே நியாவில் வேறொன்றும் நடந்திருக்கிறது. மணல் மூடிய இடம் பிழைத்தது; மேடு நகர்ந்துபோன இடத்தில் காற்று தரையையே அரித்துவிட்டது. வீடு நின்ற இடம் மட்டும் திட்டாக நிற்க, சுற்றிலும் பூமி பல அடி கீழே இறங்கிவிட்டது. திட்டின் ஓரம் சரியச் சரிய வீடும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது. மணல்மேடு என்பது ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிற பொருள் இல்லை. பிறை வடிவத்தில் இருக்கும் சின்ன மேடுகள் வருடத்துக்குப் பத்து இருபது மீட்டர்கூட நகரும், பெரிய மேடுகள் மெதுவாக நகரும். அது வரும்போது சுவர் மேல் பாரம் ஏறும், பச்சைமண் சுவராக இருந்தால் பக்கவாட்டில் தள்ளியே சாய்த்துவிடும். போகும்போது அடியை அரித்துக்கொண்டு போகும்.

அடியை ஏன் அரிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூசிதான் பறக்கும், மணல் குதிக்கும். ஒரு மணல்மணி எழும்பி விழுகிற வேகத்தில் இன்னும் நாலு மணியைக் கிளப்பிவிடும். பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ எஞ்சினியர் லிபியப் பாலைவனத்தில் வண்டியில் சுற்றி, பிறகு ஊருக்குப் போய்ச் செயற்கையாகக் காற்று வீசும் கூண்டு கட்டி அளந்து பார்த்து, 1941-ல் இதை விளக்கமாக எழுதினார். இப்படிக் குதித்துப் போகும் மணலில் பெரும்பங்கு முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. வளைகுடாவில் சாலையோரத்துக் கம்பங்களைப் பார்த்தால் தெரியும், மேலே பெயிண்ட் அப்படியே இருக்கும், கீழே ஒரு முழத்துக்குப் பெயிண்ட் போய் இரும்பு பளபளக்கும். சுவருக்கும் அதே கதிதான். அடி ஒடுங்கினால் மேலே எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயனில்லை.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சேதமும் உண்டு. காற்று மணலை மட்டும் கொண்டுபோகும், பானை ஓடு, கல், இரும்புக் கசடு மாதிரி கனமானதை விட்டுவிடும். மேலே ஒரு காலத்துப் பொருள், அதற்கு இரண்டடி கீழே வேறொரு காலத்துப் பொருள் என்று அடுக்காக இருந்ததெல்லாம் இறங்கி ஒரே தரையில் கலந்து கிடக்கும். எது முந்தியது எது பிந்தியது என்று அதன்பிறகு யாராலும் சொல்ல முடியாது. தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிகளில் சின்னச் சின்னக் கல் ஆயுதங்கள் மணல் அரிந்த இடங்களில் மேலாகவே கிடைக்கின்றன. கிடைக்கிறது என்பது சந்தோஷம்தான், ஆனால் எந்த அடுக்கிலிருந்து இறங்கியது என்பது ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய கேள்வி. நம் சுவரைச் சுற்றிக் கிடந்த கறுப்பு சிவப்பு ஓடுகளை யாரும் பொறுக்காதீர்கள் என்று பையன்களிடம் நான் கெஞ்சியது இதனால்தான்.

சரி, அப்படியே விட்டால் என்ன என்று முதலில் பார்ப்போம். எகிப்திலும் சீனாவிலும் மணல் காத்ததே, இங்கே காக்காதா?

நம் மேட்டின் சங்கதி வேறு. இங்கே ஆனி ஆடியில் கச்சான் மேற்கிலிருந்து அடித்து மேட்டின் மேற்குப் பக்கத்தை அரித்துக் கடலோரம் தள்ளுகிறது. ஐப்பசிக்குப் பிறகு வாடை கடலிலிருந்து அதே மணலைத் திருப்பிக் கொண்டுவந்து போடுகிறது. போன ஆடியில் திறந்த சுவர் மார்கழியில் பாதி மூடிவிட்டது. இந்த ஆனி பிறந்ததும் மறுபடி திறக்க ஆரம்பித்திருக்கிறது. அதாவது பாலைவனத்து மேடு நூறு வருடத்தில் ஒருமுறை செய்வதை நம் மேடு வருடத்துக்கு ஒருமுறை செய்கிறது. நடுவில் மழை வேறு. நனைந்த செங்கல்லுக்குள் கடற்காற்றின் உப்பு இறங்குகிறது, காயும்போது அந்த உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி மேல்தோலை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கிறது. தை மாதம் நான் சுவரின் மேல்வரிசைக் கல்லில் விரலை வைத்துத் தேய்த்தேன். சாம்பல் தேய்த்தது போலச் சிவப்புப் பொடி விரலோடு வந்துவிட்டது. இரண்டு வரிசை கீழே, இன்னும் மணலுக்குள் இருந்த கல்லைத் தொட்டால் நேற்று சூளையிலிருந்து இறக்கியது மாதிரி கெட்டியாக இருந்தது. ஒரே சுவர், ஒரே மண், வித்தியாசம் ஆறு மாத வெளிச்சமும் காற்றும்தான்.

பெரியவர்களுக்கு மரியாதையோடு சொல்கிறேன், அப்படியே விடுவது என்பது ஒவ்வொரு ஆடிக்கும் ஒரு வரிசைக் கல்லைக் கொடுப்பது.

பையன்கள் கேட்பது நியாயமான ஆசை. நம் ஊர் மண்ணுக்குள் ஒரு பழைய ஊர் இருக்கிறது என்றால் அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? பூம்புகாரில் 1960களில் கீழையூரில் தோண்டியதால்தான் செங்கல் படகுத்துறையும் அதன் மரத்தூண்களும் தெரிந்தன. சுனாமியில் மணல் விலகிப் பாறைக் கல்வெட்டு தெரிந்த பிறகு மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் தோண்டினார்கள். பல்லவர் காலத்து முருகன் கோயிலும் அதன் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயிலும் கிடைத்தன. தோண்டாமல் இருந்தால் இதெல்லாம் இல்லை.

ஆனால் தோண்டிய மறுநாளிலிருந்து அந்தக் குழிக்கு ஒரு ஆள் வேண்டும், வருடம் முழுக்க. கர்நாடகத்தில் காவிரிக் கரையில் இருக்கிற தலக்காடு போனவர்களுக்குத் தெரியும். நம் ஆற்றின் கரையிலேயே இருக்கிற மணல்காடு அது. கங்கர்களின் தலைநகராக இருந்து, 1004 வாக்கில் சோழர் கைக்கு வந்து ராஜராஜபுரம் என்று பெயர் மாறிய ஊர். பிறகு ஆற்று மணல் காற்றில் ஏறி ஏறிக் கோயில்களையே மூடிவிட்டது. அலமேலம்மா சாபம் என்று கதை சொல்வார்கள். ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் கோடையில் மணற்படுகை திறந்து கிடக்க, தென்மேற்குக் காற்று அதை அள்ளி ஊர்மேல் போட்டது என்பதுதான் நடந்த விஷயம். இன்று அங்கே சில கோயில்களுக்குப் பள்ளத்தில் இறங்கித்தான் போகவேண்டும், சுற்றிலும் மணல் கரை கட்டி நிற்கும். பள்ளம் என்றாலே மணலுக்கு அழைப்பு. காற்று வேகம் குறைகிற இடத்தில்தான் மணல் இறங்கும், பள்ளத்தில் காற்று வேகம் குறையும். அது கருங்கல் கோயில், தாங்குகிறது. நம்முடையது செங்கல்.

கிசாவின் ஸ்பிங்ஸ் சிலையை யோசித்துப் பாருங்கள். அதன் வரலாற்றில் நெடுங்காலம் கழுத்துவரை மணலில்தான் இருந்தது. கி.மு. 1400 வாக்கில் நான்காம் துட்மோசிஸ் மணலை அகற்றினார், மறுபடி மூடியது. 1817-ல், 1886-ல் என்று பலமுறை அகற்றினார்கள், கடைசியாக 1925 முதல் 1936 வரை பாரைஸ் என்ற பிரெஞ்சு எஞ்சினியர் முழுசாக வெளிக்கொண்டுவந்தார். அதன்பிறகு உடம்புப் பகுதியின் மென்மையான சுண்ணாம்புக்கல் உப்பாலும் ஈரத்தாலும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. 1988-ல் தோளிலிருந்து ஒரு பெரிய துண்டே விழுந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கிற சிலைக்கே இந்த நிலை. நம் டெல்டாவில் இன்னொரு பிரச்சினையும் சேரும். கார்த்திகையில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர். குழி தோண்டிக் கூரை போட்டால் மழை மேலிருந்து வராது, ஆனால் ஊற்று கீழிருந்து வரும். சுவர் நீரைக் குடித்துக் குடித்து மேலே உப்பாகக் கக்கும்.

அதற்காகத் தோண்டவே கூடாது என்று சொல்லவில்லை. தொல்லியல் துறை வந்து ஒரு பருவம் தோண்டிப் பதிவு செய்யட்டும். கீழடியிலேயே ஆய்வு முடிந்த குழிகள் பலவற்றை மறுபடி மண்ணிட்டு மூடியிருக்கிறார்கள் என்பதைப் பையன்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். தோண்டுவது வேறு, திறந்து வைப்பது வேறு.

சவுக்கு விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் ஊரில் அதிகம் பேர் கை தூக்குவது இதற்குத்தான். சவுக்கு மணலைப் பிடிக்கும், அதில் சந்தேகம் இல்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைச் சுற்றி உப்புக்காற்றுக்கும் மணலுக்கும் தடுப்பாகச் சவுக்கு வைத்துப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் கோயிலைச் சுற்றித் தள்ளி வைப்பது ஒன்று, புதைந்த சுவரின் தலைமேலேயே வைப்பது ஒன்று. வேர் தண்ணீர் தேடிப்போகும். மணலுக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது செங்கல்லும் அதன் நடுவே இருக்கிற மண்சாந்தும்தான், எனவே வேர் நேராக அங்கேதான் போய் நுழையும்.

இதற்கு நல்ல சாட்சி தான்சானியாவில் இருக்கிறது. லாட்டோலி என்ற இடத்தில் முப்பத்தாறு லட்சம் வருடத்துக்கு முந்தைய காலடித் தடங்கள் 1978-ல் கிடைத்தன. மறுவருடமே பத்திரமாக மண்போட்டு மூடினார்கள். போட்ட மண்ணில் வேல மர விதை இருந்தது. அது முளைத்து மரமாகி வேர் காலடித் தடத்துக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. 1990களின் நடுவில் மறுபடி திறந்து, மரத்தைக் கொன்று, வேரைத் துணுக்குத் துணுக்காக எடுத்து, இந்த முறை வேர் தடுக்கும் துணி விரித்து மூடவேண்டியிருந்தது.

அப்புறம் கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. எங்கள் மேட்டுக்குத் தெற்கே இருந்த சவுக்குத் தோப்பில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த ஒவ்வொரு மரமும் மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு வட்டத்தைப் பெயர்த்துக்கொண்டு எழுந்து நின்றது. அந்த வட்டத்துக்குள் நம் சுவர் இருந்திருந்தால் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. சவுக்குத் தழை மெத்தை மாதிரி விழுந்து கிடக்கிற இடத்தில் வேறு செடிகொடி தலையெடுப்பது கஷ்டம், தை மாசியில் முட்டையிட வருகிற ஆமைக்கும் இடம் இருக்காது. மேட்டுக்கு மேற்கே ஐம்பது அடி தள்ளி இரண்டு வரிசை வைத்தால் காற்றை உடைக்கும், அதற்கு நான் சம்மதம். மேட்டின் மேல் ஒரு கன்றுகூட வேண்டாம்.

காம்பவுண்டுச் சுவரைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். அடைத்த சுவரில் காற்று மோதினால் சுழலும், சுழன்று அடியைத் தோண்டும், இன்னொரு பக்கம் மணலைக் குவிக்கும். வளைகுடாவில் முழுச்சுவர் கட்டிய இடங்களில்தான் எனக்கு அதிக வேலை இருந்தது. அஸ்திவாரம் தோண்டும்போதே உள்ளே என்னென்ன உடையும் என்பது தனி. கடற்கரை ஒழுங்குமுறை விதிப்படி மணல்மேடு கடுமையாகப் பாதுகாக்கப்பட்ட வகையில் வருகிறது, அங்கே கான்கிரீட் போட அனுமதியும் கிடைக்காது.

என் முடிவு மூடுவதுதான். ஆனால் லாரியில் மணல் கொண்டுவந்து கொட்டுகிற மூடுதல் இல்லை. மூடுவதிலும் தப்பு செய்யலாம் என்பதை இங்கேயே பார்த்துவிட்டோம். மாசியில் பையன்கள் நல்ல மனசோடு நீலத் தார்ப்பாயைச் சுவர்மேல் போர்த்திக் கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து நான் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக வியர்வை, கல்லின் மேல் பஞ்சு ஒட்டினது போல வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. திறந்து கிடந்த ஆறு மாதத்தில்கூட அவ்வளவு பூக்கவில்லை. பழங்கல் மூச்சுவிட வேண்டும். ஈரம் வந்தபடியே போகவேண்டும். அன்றைக்கே தார்ப்பாயை எடுத்துவிட்டோம்.

மூடுகிற மணல் மேட்டின் உள்வயிற்று மணலாக இருக்கவேண்டும், பல வருட மழை கழுவி உப்பு இறங்கிய மணல் அது. அலைவாய்க்கரை மணல் கூடாது. போடுவதற்கு முன் சல்லடையில் சலிக்கவேண்டும், காரணம் சீமைக்கருவேலம். ஆடு நெற்றைத் தின்றுவிட்டு மேடு முழுக்கப் புழுக்கை போட்டுவைத்திருக்கிறது, லாட்டோலி கதை அப்படியே இங்கே நடக்கும். முதலில் சுவரின் மேல் ஒரு சாண் மணல், அதன் மேல் தண்ணீர் இறங்கும்படியான ஜியோ டெக்ஸ்டைல் துணி, நாளைக்கு யாராவது தோண்டினால் இதற்குக் கீழே பழையது என்று துணியே சொல்லும். அதற்கு மேல் நாலைந்தடி மணல். மேலாகத் தேங்காய்நார் விரிப்பு, அது இரண்டு மூன்று வருடத்தில் மக்கிவிடும், அதற்குள் கொடி பிடித்துக்கொள்ளும்.

மூடிய மணலை நிறுத்துவதுதான் பாதி வேலை. இதில் சீனாக்காரர்கள் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தென்கர் பாலைவனத்தில் 1950களில் ரயில் பாதை போட்டபோது, மணல் தண்டவாளத்தை மூடாமல் இருக்க வைக்கோலைக் கட்டம் கட்டமாக, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஒரு சாண் உயரத்துக்கு மணலில் செருகிவிட்டார்கள். குதித்து வரும் மணல் அந்தக் கட்டத்துக்குள் விழுந்து நின்றுவிடும். வைக்கோல் மக்குவதற்குள் நடுவில் நட்ட புதர் வேர்விட்டுவிடும். அதே சீனாவில் துன்ஹுவாங் அருகே மொகாவோ என்ற பழைய பௌத்தக் குகைக்கோயில்களின் மேல் மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. 1990 வாக்கில் குகைகளுக்கு மேலே மேட்டுநிலத்தில் காற்று புகுந்து போகும் வலைவேலி போட்டார்கள், பிறகு வைக்கோல் கட்டம், பாலைவனப் புதர், சரளைக்கல் பரப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். வேலி மட்டும் போதாது, அதன் அடியில் சேர்ந்த மணலே ஒருநாள் வேலியைத் தாண்டிவிடும் என்பது அவர்கள் கண்ட பாடம்.

நம்மிடம் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் இங்கே வைக்கோல் செருகினால் ஒரு ராத்திரியில் மாடு தின்றுவிடும். தென்னங்கீற்றும் பனைமட்டையும்தான் சரி. சவுக்குக் கழி ஊன்றி, கீற்றை முழுசாக அடைக்காமல் பாதிக்குப் பாதி இடைவெளி விட்டுக் கட்டவேண்டும். முழுசாக அடைத்தால் காம்பவுண்டுச் சுவர் கதைதான். மூன்றடி உயரம் போதும். மேற்கே ஒரு வரிசை, கிழக்கே ஒரு வரிசை, இரண்டும் சுவரை ஒட்டி இல்லாமல் இருபது முப்பதடி தள்ளி. வேலியின் பின்னால் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம்வரை மணல் இறங்கும், அந்த இறக்கம் நம் சுவர்மேல் வந்து விழும்படி கணக்குப் பண்ணி ஊன்றினால் காற்றே நமக்காக மூடிக்கொடுக்கும்.

மேலே நடுவதற்குக் கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும். புரட்டாசி கடைசியில் முதல் மழை பெய்ததும் கொடியை ஒரு முழத் துண்டாக வெட்டிக் கணுவைப் புதைத்தால் தொடுகிற இடமெல்லாம் வேர்விடும். கருவாடு காயப்போடுகிற அத்தை ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "தம்பி, நீ சொல்றது புதுசு இல்ல, வண்டி போவுறதுக்குன்னு மேட்டோரம் கொடிய வழிச்சுத் தடம் போட்டானுவ பாரு, அந்த வருசந்தான் மணலே கெளம்புச்சு" என்றார். போய்ப் பார்த்தேன், அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அரிப்பு தொடங்கிய இடம் அந்த டிராக்டர் தடத்தின் வாய்தான். மேட்டில் ஒரு இடத்தில் கொடி போய் வாய் திறந்தால் காற்று அதற்குள் புகுந்து நெருக்கிக்கொண்டு வேகமெடுக்கும், வாய் வருடாவருடம் அகலும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை. எனவே தடத்தை அடைக்காமல் மற்றதெல்லாம் செய்வது வீண். வண்டிக்கு வடக்கே பழைய பாதை இருக்கிறது, கால் மைல் சுற்று, அவ்வளவுதான்.

மூடுவதிலும் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஸ்டைன் 1901-ல் அதே தக்லமகானின் தெற்கு ஓரத்தில் கோத்தான் பக்கம் ராவாக் என்ற இடத்தில் ஒரு பௌத்தத் தூபியைச் சுற்றி ஆளுயர மண்சிலைகள் வரிசையாக நிற்பதைக் கண்டார். தொட்டால் உதிரும், கொண்டுபோக வழியில்லை. படமெடுத்துவிட்டு மறுபடி மணல் போட்டுப் பத்திரமாக மூடிவிட்டுப் போனார். 1906-ல் திரும்பி வந்து பார்த்தால், புதையல் தேடி வந்தவர்கள் தோண்டி எல்லாவற்றையும் உடைத்துப் போட்டிருந்தார்கள். சிலைக்குள் தங்கம் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். நான் ஊர் பெயர் எழுதாததற்குக் காரணம் இதுதான். இப்போதே இரண்டு பேர் ராத்திரியில் டார்ச் லைட்டோடு வந்துபோனதாகப் பேச்சு. எனவே மூடுவது ஊருக்குத் தெரிந்து, காவலுக்கு ஊர் பொறுப்பேற்று, எல்லாவற்றையும் பதிவு செய்த பிறகுதான் நடக்கவேண்டும்.

பதிவு என்றால் நாம் செய்வது பாதிதான். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்ததைக் கலெக்டருக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் குற்றம். நாமாக மண்வெட்டி எடுப்பதும் கூடாது. தொல்லியல் துறைக்கும் கலெக்டருக்கும் மனு, அவர்கள் வந்து அளந்து படமெடுத்து, வேண்டுமானால் ஒரு குழி போட்டுப் பார்த்து, பிறகு அவர்கள் கண்முன்னாலேயே மூடுதல். இடையில் சுவரின் அடிமணலை யாரும் கிளறவேண்டாம். ஒரு மணல்மணி கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று ஆய்வகத்தில் அளந்து சொல்லமுடியும், அதை வைத்து இந்த மேடு எந்தக் காலத்தில் இந்தச் சுவரை மூடியது என்று கண்டுபிடிக்கலாம். கையால் அள்ளிவிட்டால் அந்தக் கணக்கு அங்கேயே அழிந்தது. பையன்கள் கிரிக்கெட் ஸ்டம்புக்கு என்று இங்கிருந்து எடுத்து அடுக்கிய நாலு கல்லையும் எந்த இடத்திலிருந்து எடுத்தார்களோ அந்த இடத்தைக் குறித்து, மீன் கூடையில் வைத்துக் கோயில் மண்டபத்தில் வைத்திருக்கிறேன். அதுவும் துறைக்குத்தான் போகவேண்டும்.

துறை வரும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. கீற்று வேலிக்கு யார் அனுமதியும் பெரிதாகத் தேவைப்படாது என்று நினைத்தேன், பிறகு யோசித்து அதையும் மனுவிலேயே சேர்த்திருக்கிறேன், கடற்கரை மணல்மேடு என்பதால். ஆனால் வண்டித் தடத்தை அடைக்க ஊர்ப் பஞ்சாயத்தார் சொன்னால் போதும். வருகிற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் கேட்கப்போவது முதலில் அதைத்தான். ஆடி பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

போன வாரம் சுவரிலிருந்து பத்தடி தள்ளி ஒரு சவுக்குக் கழியை நட்டு, சாணுக்கு ஒரு கோடாக எண்ணெய்ச் சாயத்தில் போட்டுவைத்தோம். நட்ட அன்று மணல் கீழிருந்து நான்காவது கோட்டில் இருந்தது. நேற்று சாயங்காலம் போனபோது மூன்றாவது கோடும் வெளியே தெரிந்தது.